ஸ்டியரிங்கில் ஒட்டிய பிளாஸ்டர்

"ஹாரன் அடிச்சேன் மக்கா. அக்கா வரல்ல."

அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான். நான் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. சனிக்கிழமைகளில் அப்பா அந்தப் பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப் போய் அத்தை வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். அத்தை மருந்துப் பையோடு வெளியே வந்து, "எனக்குக் காது கேக்கும், நிறுத்து" என்று அதட்டிவிட்டு ஏறிக்கொள்வார். அன்று அந்த அதட்டல் வரவில்லை.

அப்பாவின் அக்கா, என் மேபல் அத்தை, உறக்கத்திலேயே காலமானார். பாறசாலை முதல் காரோட்டுக் கடற்கரை வரை அவரை மேபல் சிஸ்டர் என்று அறிந்தவர்கள் பலர். அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அறியாதவர்களுக்காக ஒரு ஸ்டியரிங்கைப் பற்றி எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அத்தை முழுதாக வரமாட்டார் என்று தோன்றுகிறது.

அவர் இளமையில் குவைத்தில் நர்ஸ். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் வார்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்ற கையோடு அந்தக் காரை வாங்கினார். இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் வண்டி. தாழ்ந்த உடம்பு, கான்வாஸ் கூரை. அவருடன் பணிபுரிந்த முதிய டாக்டர் ஒருவருடையது. டாக்டரின் பிள்ளைகளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"வார்டில கடைசிக் கட்டில்ல கிடக்கிற ஆளு மாதிரி நின்னுது மக்கா. பாக்க யாரும் வரல்ல. நான் கூட்டிட்டு வந்தேன்."

எங்களுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம். வெளுத்த உடை, நேரத்துக்கு ஆராதனை, அடக்கமான குரல். கூரை திறக்கும் கார் அதில் எங்கும் பொருந்தவில்லை. அப்பா முதல் நாளே கேட்டார்.

"அக்கா, இதில ரெண்டு பேருக்குத்தான் இடம் உண்டு. நாங்க எல்லாம் எங்க இருக்கது?"

"வீட்டில இரு."

அந்தக் காரில்தான் அவர் நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்ற. டியூப் மாற்ற. முதுகைத் திருப்பிப் புண் பார்க்க. செங்கல், பனச்சமூடு, காரோடு என்று சுற்றுவட்டார ஊர்கள். பெரும்பாலும் பஸ் போகாத இடங்கள். மழையில் கூரை ஒழுகும். குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவார். காரோட்டில் சேவியர் என்றொரு மீனவர்; படகில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதுமே மனைவியிடம் சொல்வாராம்: "எனக்கச் சட்டையை மாத்து. சிஸ்டரம்மா வாறாவ."

வாரம் முழுக்கச் சேவியருக்கு வேறு விருந்தாளி இல்லை. அத்தைக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கோளாறு ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு தொடங்கியது. நேர்ச்சாலையில் கார் அலைந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாது. இரண்டு விரல் அகலம் வெறுமனே சுற்றிய பிறகுதான் பிடிக்கும்.

கேரளப் பக்கத்துப் பாறசாலை மெக்கானிக்குகள் சொன்னார்கள்: "அது தமிழ்நாட்டு ரோடாக்கும் சிஸ்டரே. களியக்காவிளை தாண்டினா எந்த வண்டியும் ஆடும்."

தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையில் சொன்னார்கள்: "கேரளா ரோடு முழுக்க வளைவாக்கும். வண்டி அதிலயே பழகிப்போச்சு."

அத்தை ஒரு மாலை முழுவதும் எல்லையைத் தாண்டித் தாண்டி ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு சர்க்கார் மேலயும் குற்றமில்ல."

பிறகு செங்கல் வளைவில் கார் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஒரு மதிற்சுவரை உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார்.  வீடு வந்து காப்பி குடிக்கும்போது சொன்னார்.

"அக்கா, வண்டி இல்ல. உனக்கக் கையாக்கும் ஆடுது. நான் பாத்தேன்."

உண்மைதான். எதையாவது பிடித்தால் அவர் விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தன. காப்பித் தம்ளரில் எல்லோரும் பார்த்திருந்தோம். யாரும் சொன்னதில்லை.

அத்தை தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருக்கலாம். ஆனா முதல்ல மெஷினைப் பாக்கணும். பெறவு ஆளைப் பாக்கணும்."

அது வார்டில் அவர் கடைப்பிடித்த வழக்கம். ரத்த அழுத்தம் தாறுமாறாகக் காட்டினால் டாக்டரைக் கூப்பிட ஓடமாட்டார். கருவியின் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிப் பார்ப்பார். கருவி சரி என்று தெரிந்த பிறகே நோயாளியின் பக்கம் திரும்புவார். அவசரக்காரர்கள் இதைப் பிடிவாதம் என்றார்கள். அப்பாவும் அன்று அப்படித்தான் சொன்னார்.

"சாவியைத் தா அக்கா. சம்மதிக்க மனசில்லாம சாக்கு சொல்லுற."

"சாக்கா, சத்தியமான்னு வண்டி சொல்லும். நீ சொல்லண்டா."

உதியன்குளங்கரை மெக்கானிக் ஷாஜி முதலில் எளிய வழியில் போனார். ஸ்டியரிங் பெட்டியின் தலையில் ஒரு திருகாணி உண்டு. அதை இறுக்கினார். ஆட்டம் போய்விட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் பனச்சமூடு சந்திப்பில் அத்தை வலது பக்கம் திரும்பினார். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவேண்டும். வரவில்லை. இறுகிப்போய் அப்படியே நின்றது. கார் ஒரு பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் நின்றது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, "அம்மச்சி, இங்க பார்க்கிங் இல்ல கேட்டோ" என்றார்.

"உனக்கு மூஞ்சி காட்டத்தான் நிறுத்தினேன், போ."

அங்கிருந்து நேராக ஷாஜியிடம்.

"எலே, வலிக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்க. நோவு எங்கேன்னு பாக்கல்ல."

ஷாஜி தலையைச் சொறிந்தார். "எல்லாரும் அங்கன தான் செய்யும் சிஸ்டரே."

"எல்லாரும் செத்துப் போனா நீயும் போவியா? இறுக்கினதை இளக்கு. முதல்ல இருந்து பாப்போம்."

முதலில் டயரில் காற்று. சரியாக இருந்தது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும், இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தார்கள். இடதுபுறச் சக்கரத்தில் டொக்கென்று ஒரு சிறு சத்தம். அதன் பந்து மூட்டு தேய்ந்திருந்தது. மாற்றினார்கள். பாதி குறைந்தது. பாதி இருந்தது.

அப்பா சொன்னார்: "அந்தப் பாதிதான் கை."

"இன்னும் முடியல்ல. ஸ்டியரிங்கில இரு."

ஷாஜி முன்சக்கரங்களை இரண்டு சாய்வுப் பலகைகள்மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அத்தை பாய் விரித்தார். பிளாஸ்டிக் தொப்பியை மாட்டினார். ஷாஜி பதறினார்.

"அய்யோ சிஸ்டரே, ஞான் நோக்காம்."

"நீயும் பாரு. எனக்கும் தொட்டுப் பாக்கணும்."

காருக்கு அடியிலிருந்து அப்பாவுக்குக் குரல் மட்டும் வந்தது.

"எலே வில்சா, இடத்தோட்டு. கொஞ்சம். இனி வலத்தோட்டு."

"ஆட்டுறேன்."

"ஆட்டண்டா. மெல்லத் திருப்பு. தூங்குற பிள்ளையைத் திருப்புகது மாதிரி."

சக்கரத்தில் தொடங்கி ஸ்டியரிங் வரை ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துக்கொண்டே வந்தார். இந்தப் பக்கம் அசையும்போது அந்தப் பக்கமும் அதே நொடியில் அசைகிறதா? அசைந்தால் அடுத்தது. நான் பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தேன். அவர் விரல்கள் நடுங்கின. நடுங்கியபடியே தேடின.

ஸ்டியரிங் தண்டு கீழே பெட்டியோடு சேரும் இடத்தில் வட்டமான ஒரு ரப்பர்த் துண்டு இருந்தது. அங்கே கை நின்றது.

"ஷாஜி, இங்க பிடி. மேல ஜெபம் முடிஞ்சு, கீழ ஆமென் வர நேரமாகுது."

ஷாஜி பிடித்தார். சிரித்துவிட்டார். ரப்பர் முழுக்க வெடித்திருந்தது. மேல்பாதி திரும்பியது. கீழ்ப்பாதி காத்திருந்தது. பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றும் தளர்ந்திருந்தது.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை வெளியே வந்து, முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தையைப் பொறுத்தவரை அது பெரிய தயவு.

லாரி டயரில் வெட்டி ஒரு துண்டு செய்து தருவதாக ஷாஜி சொன்னார். அத்தை சம்மதிக்கவில்லை. "வேற ஆளுக்கத் தோலை வச்சுத் தைக்கண்டா." சரியான பாகம் கோயம்புத்தூரிலிருந்து வரும்வரை கார் பலகைமேல் நின்றது. சிஸ்டருடைய வண்டி ஐ.சி.யூவில் இருக்கிறது என்று ஊரில் பேச்சு. அந்த நாட்களில் ஆட்டோ பிடித்துப் போனார். ஆட்டோ கிடைக்காத நாளில் போகவில்லை. 

பாகம் வந்தது. பொருத்தினார்கள். பெட்டியின் போல்ட்டுகளை முறையாக முறுக்கினார்கள். சக்கரங்களின் நேரையும் பார்த்தார்கள். ஷாஜி ஸ்டியரிங்கை ஒரு விரலால் தொட்டார். சக்கரம் உடனே அசைந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அத்தை ஜெயித்த கதை. அவர் அதை அப்படி முடிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து காரோடு ஊர் பைபாஸுக்குப் போனோம். கான்கிரீட் சாலை, நேர்க்கோடு. அப்பா தன் ஸ்கூட்டரில் முன்னால் போய் மறுமுனையில் நின்றார். அத்தை மருந்துப் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்தார். ஒரு துண்டை ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் ஒட்டினார். அதற்கு நேர் எதிரே டாஷ்போர்டில் இன்னொரு துண்டு.

"நீ ஓட்டு மக்கா."

ஓட்டினேன். இரண்டு துண்டுகளும் நேருக்கு நேர் நின்றன. போய்த் திரும்பி வந்தோம். இடம் மாறி அமர்ந்தோம். அவர் ஓட்டினார். கார் நேராகத்தான் போனது. ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த துண்டு நிற்கவில்லை. சிறிய, விரைவான நடுக்கம். இரண்டு பேரும் அதையே பார்த்தோம். மறுமுனையில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

அப்பா ஓடி வந்தார். "எப்படி உண்டு அக்கா?"

"கொள்ளாம். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. மிச்சம் உள்ளது எனக்கதாக்கும்."

அத்தனை நாளும் கைதான் என்று சொன்ன அப்பா திணறினார். "சின்ன நடுக்கமாக்கும் அக்கா. வண்டி நேராத்தானே வந்துது?"

"கட்டு மாத்தும்போ கை நடுங்கினா நிறுத்தி, மூச்சு விட்டுட்டு, பெறவு செய்யலாம். ரோட்டில குறுக்க ஓடி வாற பிள்ளை அதுவரை நிக்காது." சாவியை நீட்டினார். "இந்தா. இனி நீ ஓட்டு. சேவியரைக் காக்க வைக்க முடியாது."

"எனக்கு இந்த வண்டி பயமாக்கும்."

"அதுக்குத்தான் சரி பண்ணித் தந்தேன்."

குரலில் துயரம் இருந்ததா? நான் பலமுறை அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். குரலில் இல்லை. இறங்கி இடது பக்கத்துக்கு நடந்து வந்தபோது மட்டும் கார்க் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். கை அங்கேயும் நடுங்கியது. மறைக்கவில்லை.

என்னை யோசிக்க வைப்பது இதுதான். நியாயம் தன் பக்கம் பாதி இருப்பதை நிரூபித்தவர்கள், மீதிப் பாதியைத் தேடிப் போவதில்லை. அவர் போனார். அதற்குச் சோதனையையும் அவரே அமைத்தார்.

அதன்பிறகு கார் எங்கள் வீட்டில் நின்றது. டாக்டரிடம் காட்டியபின் மருந்தால் நடுக்கம் ஓரளவு குறைந்தது. ஆனாலும் அத்தை சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. அப்பா ஓட்டினார், அத்தை இடது சீட்டில், மடியில் பை. சேவியர் சொல்வார்: "முன்னெல்லாம் ஒரு சத்தம் கேக்கும். இப்ப ரெண்டு சத்தம் உண்டு. ஒண்ணு எஞ்சின். ஒண்ணு அக்காளும் தம்பியும்."

அடக்கத்தன்று காலையில் ஷாஜி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. டயரில் காற்றுப் பார்த்தார். சக்கரங்களை அசைத்துப் பார்த்தார். குனிந்து ரப்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் அப்பா அந்தக் காரை ஓட்டினார். நான் இடது சீட்டில். கல்லறைத் தோட்டம் வரை மெதுவான பயணம். பிளாஸ்டர் துண்டுகளை யாரும் எடுத்திருக்கவில்லை. அழுக்கேறிச் சாம்பல் நிறமாகியிருந்தன. டாஷ்போர்டில் இருந்தது அசையாமல் நின்றது. ஸ்டியரிங்கில் இருந்தது நடுங்கிக்கொண்டே வந்தது.

அப்பாவும் அதைப் பார்த்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மக்கா."

"தெரியும் அப்பா."

"இது எனக்கதாக்கும்."

அத்தை, நீங்கள் சொன்ன வரிசையில்தான் செய்தோம். முதலில் வண்டியைப் பார்த்தோம். பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டோம். அடுத்த சனிக்கிழமை அப்பா காரோட்டுக்குப் போகிறார். இனி சேவியருக்கு ஒரு சத்தம்தான் கேட்கும். நீங்கள் உறங்குங்கள். ஹாரன் அடிக்க மாட்டோம்.