நைலான் வானமும் நானும்

கோளரங்கத்தில் வேலை என்றால் நட்சத்திரம் பார்க்கிற வேலை என்று நினைப்பீர்கள். நான் பார்ப்பதெல்லாம் ப்ளக் பாயின்ட்டைத்தான். எங்களுடையது டெம்போவில் மடித்து ஏற்றிவரும் நைலான் கூடாரம். விசிறியால் காற்றை ஊதினால் இட்லி மாதிரி உப்பி நிற்கும். உள்ளே பிள்ளைகளை உட்காரவைத்து, புரொஜக்டரால் உச்சியில் வானத்தைக் காட்டுவேன். ஜவ்வாது மலைப் பள்ளிகளில் இது சோதனை ஓட்டம். ஒரு புகார் வந்தால் போதும், கூடாரம் வேலூருக்கு இறங்கிவிடும். மலைப் பிள்ளைகளுக்குக் காட்சி கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. மைக் பிடித்துப் பிழைக்கிற சகபாவிகளே, என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

சூடம்

"எல்லாக் கிரகமும் உள்ளார இருக்கு, வந்து பாருங்க" என்று தலைமையாசிரியர் மைக்கில் சொல்லிவிட்டார். சாமை அறுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கூடாரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றட்டும், காலுக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நைலான் ஓரமாகச் சூடம் எரிகிறது! ஐயையோ என்று ஓடி, செருப்புக் காலாலேயே மிதித்து அணைத்தேன். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்: "பொண்ணுக்கு வரன் தட்டிக்கினே போவுதேன்னு கும்புட வந்தா, கிரகத்த உள்ள வெச்சிக்கினு சூடத்த செருப்பால மிதிக்கிறியே, நீ இன்னா பொம்பள?"

பிறை

எங்கள் டெம்போ ஓட்டுநர் பாஷா பாய் வாணியம்பாடிக்காரர். ரம்ஜான் முடிகிற சமயத்தில் அவர் தங்கை போன் போட்டாள். பிறை தெரியுமா, நாளைக்குப் பெருநாளா என்று மிஷினில் பார்த்துச் சொல்லவேண்டுமாம். நான் பதறிப்போனேன். ஒரு ஊர்ப் பண்டிகை எங்கள் புரொஜக்டர் தலையிலா? வாயையே திறக்காதீங்க பாய் என்றேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: "பிறைய சொல்ல வாணாம் மேடம். பிரியாணிக்கு கறி இன்னிக்கே சொல்லி வெக்கலாமா, அத மட்டும் சொல்லுங்க."

கரன்ட்

மலையில் காற்றடித்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கரன்ட் போகும். அன்றைக்குக் காட்சி நடுவில் போனது. விசிறி நின்று, கூடாரம் மெதுவாகத் தலைமேல் இறங்கியது. உள்ளே ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் இருக்கிறார்கள். "யாரும் பயப்படாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில்தான் பயமே வந்திருக்கும். பாஷா பாய் வாசல் துணியைத் தூக்கிப் பிடிக்க, ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தார்கள். தலைகளை எண்ணினேன், நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். யாராவது அழுதுகொண்டே போய் வீட்டில் சொன்னால் தொலைந்தேன் என்று நிற்கிறேன், ஒருத்தி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தாள்: "மிஸ், வானம் கீழ எறங்கி வந்து தலைய தொட்டுச்சே, அத இன்னொரு வாட்டி போடுங்க மிஸ்!"

சனி

கடைசியில் அதிகாரி ஆய்வுக்கு வந்தே விட்டார். கூடாரம் மலையில் இருக்கலாமா, கூடாதா என்று சொல்லவேண்டியவர் அவர்தான். பிள்ளைகளோடு முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நிலா வந்தது, செவ்வாய் வந்தது, தலையாட்டினார். "அடுத்து சனி" என்றேன். மனிதர் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். கோயிலில் சனி பகவானுக்கு நேரே நிற்கமாட்டோமே, அந்த மாதிரி. அவரைப் பார்த்து ஆசிரியர்களும் திரும்பினார்கள். "ஏழரை நடக்குதும்மா. அத வுட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க" என்றார் மெதுவாக.

காட்டாமல் விட்டால், சனியைக் கண்டு பயப்படு என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த மாதிரி. காட்டினால் என் கதை முடிந்தது. சனியின் வளையத்தைப் பார்க்கத்தானே பிள்ளைகள் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள்! பொத்தான்மேல் விரலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "சார், நீங்க கண்ண மூடிக்குங்க. நாங்க பாத்துட்டு எப்டி கீதுன்னு சொல்றோம்" என்றாள். நடப்பது நடக்கட்டும் என்று அழுத்திவிட்டேன்.

வளையத்தோடு சனி உச்சியில் வந்து நின்றது. "தோடு மாதிரி கீது சார்!" "இல்ல சார், தட்டு மாதிரி!" என்று பிள்ளைகள் போட்டி போட்டுச் சொல்ல, அவர் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கண் லேசாகத் திறந்ததோ என்னவோ, இருட்டில் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டவர் என்னைக் கூப்பிட்டார். போச்சுடா என்று போய் நின்றேன். "கூடாரம் மலையிலயே இருக்கட்டும்மா. நான் வர்ற அன்னிக்கி வியாழன மட்டும் போடுங்க, குரு பார்வை நல்லது."

ஆக, கூடாரம் தப்பியது, வேலை தப்பியது. அவர் வரும் நாளில் வியாழனை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காட்சி முழுக்க எப்படி ஓட்டுவது என்பதுதான் இப்போதைய கவலை.