அக்குறணைச் சரிவில் ஒரு வாசற்படி

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குண்டசாலையில் பஸ் ஏறினேன். கண்டியில் மாத்தளை பஸ்ஸுக்கு மாறி, பத்துக் கிலோமீட்டர் தள்ளி அக்குறணையில் இறங்கினேன். பையில் ஃபிலிம் கமரா, அகச்சிவப்பு ஃபிலிம், அதற்கான வடிகட்டி, நெருக்கப் படங்களுக்கான துணை லென்ஸ், தோளில் முக்காலி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இவையெல்லாம் என் ஆசிரியச் சம்பளத்தில் வாங்கியவை.

மலையேற த்ரீவீல்காரர் நானூறு ரூபாய் கேட்டார். “தாத்தா ஊட்டுக்குத் தானே?” என்றார். போய் இறங்கியதும் என் கண் ஒரு கிழவரைத் தேடியது. வாடகை வீட்டு வாசலில் நின்றவர் ஐம்பது வயது நசீரா. இந்த ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். த்ரீவீல்காரர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

நசீராவின் மகள் என்னோடு படிப்பிப்பவள். முந்திய மழைக்காலத்தில் மண்சரிவு அவர்களுடைய வீட்டையும், நசீராவின் கணவரான அவளுடைய வாப்பாவையும் கொண்டுபோயிற்று. வீடிருந்த இடம் தெரிகிற ஒரு படம் நசீராவுக்கு வேண்டும். கைபேசியில் எத்தனை எடுத்தாலும் ஒரே பச்சை. அகச்சிவப்பில் இலைகள் வெள்ளையாகவும் சிமெந்து இருண்டும் விழும். வீடு தெரியும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பத்து மணிக்குச் சரிவுக்கு ஏறினோம். வடிகட்டியை மாட்டினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் முதலில் காட்சியை அமைத்து, குவியத்தை லென்ஸில் அகச்சிவப்புக்கென்று உள்ள சிவப்புக் கோட்டுக்கு நகர்த்தி, பிறகே மாட்டினேன்.

“மகள், மூடியக் கழட்டல்லயே. கறுப்பாத் தானே வரும்?”

அது மூடியல்ல என்றேன். அவர் நம்பவில்லை.

பன்னங்களை விலக்கி வாசற்படியைக் காட்டினார். கணவர் தானே பூசிய படி. பூச்சுக் கரண்டி வழுக்கி ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அவரைப் பதினைந்து வருஷம் ஏசினாராம். துணை லென்ஸைப் பொருத்திக் கீறலுக்கு ஒரு சாண் கிட்டே போனேன். அந்தத் தூரத்தில் இம்மி அசைந்தாலும் படம் மங்கிவிடும். காற்று ஓயும்வரை இருவரும் அசையாமல் குந்தியிருந்தோம்.

காட்டச் சொன்னார். கழுவினால்தான் தெரியும் என்றேன். வெறுங்கையோடு இறங்கியது எனக்குக் கனத்தது.

அடுத்த ஞாயிறு படங்களோடு போனேன். வெள்ளைக் காட்டுக்கு நடுவே கருமையாக ஒரு நீள்சதுரம். நசீராவின் விரல் அதன் ஓரமாகவே ஊர்ந்து, ஒரு மூலையில் நின்றது. “குசினி,” என்றார். அவருடைய அடுப்பு இருந்த மூலை. கீறலின் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மீண்டும் பெரிய படத்துக்கு வந்தார்.

“அண்டைக்கு ரோட்டுல வெள்ளைக் கொடி கட்ட ஏலாமப் போச்சி. ரோடே இருக்கல்ல.” சாவு வீட்டுக்கு வழிகாட்ட இங்கே தெருவில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள்.

சாதாரண வண்ண ஃபிலிமில் பச்சையாகவும் எடுத்துத் தரலாம் என்றேன்.

“வாணாம் மகள். இப்பிடியே இருக்கட்டும்.”

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் மலைகள் பச்சையாகவே நின்றன. எந்தப் பச்சைக்குக் கீழே யாருடைய குசினி இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.