சர்வர் அறைக்கு இன்னொரு ஆள்

சர்வர் அறைக்காரனைத் தேடி யாராவது வந்தால், எங்கோ எதுவோ நின்றுவிட்டது என்று அர்த்தம். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது தெரியும். ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஏசி இரைச்சலோடு ஒற்றை ஆளாக நான். இன்னொரு ஆள் போடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேலை அதிகம் என்று சொன்னேன். பேச ஆள் வேண்டும் என்பதுதான் உண்மை.

ஒருவர் கழற்ற, எல்லோருக்கும் போனது

எங்கள் சர்வரை உள்ளுக்குள் பல தடுப்புகளாகப் பிரித்து, பிரிவுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தோம். பாகங்களின் டிராயிங் இருக்கும் டிஸ்க் எல்லாத் தடுப்பிலும் இணைந்திருந்தது. இப்படி இணைப்பதை நாங்கள் மவுண்ட் என்போம். பெங்களூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் இன்ஜினியர், தன் சோதனைத் தடுப்பில் மட்டும் என்று நினைத்து அதைக் கழற்றினார். சர்வரின் அடிமட்ட மென்பொருளான கெர்னல், தடுப்புகளுக்குள் மவுண்ட்டுகளைப் பகிர்ந்துகொண்டிருந்ததால், எல்லா இடத்திலும் டிஸ்க் போய்விட்டது. டிராயிங் கிடைக்காமல் மெஷின்கள் நின்றன.

என் அறையில் ஒரே கூட்டம். திட்டு வாங்கிக்கொண்டே திரும்ப இணைத்தேன். ஆனாலும், இத்தனை பேர் வந்ததில் உள்ளுக்குள் சந்தோஷம். எட்டிப் பார்த்த செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்: "உள்ள ஆளு இருக்கீங்களா சார்? மெஷின் மட்டும்தான் இருக்குதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அடைத்தாலும் வம்பு

எந்த மவுண்ட் எதோடு பகிர்கிறது என்று தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் தனித்தனியாக அடைத்தேன். அடுத்து புது டிஸ்க் மாட்டினால், குவாலிட்டி பிரிவுக்கு அது தெரியவே இல்லை. பிறகுதான் ஒருவழிப் பாதையாக மாற்றினேன்: நான் மாட்டினால் அவர்களுக்குப் போகும்; அவர்கள் கழற்றினால் அங்கேயே நின்றுவிடும்.

குவாலிட்டி ரேவதி அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இதைப் படம் போட்டு விளக்கினேன். அவ்வளவு நேரம் நான் பேசி எத்தனை நாளாயிற்று! டீ தீர்ந்ததும் அவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, டிஸ்க் வருமா, வராதா?"

பாராட்டு

கடைசியில், தப்பான பகிர்வு தெரிந்தால் உடனே துண்டிக்க, தானாகவே ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதன் பிறகு ஒன்றும் நிற்கவில்லை. என் அறைக் கதவையும் யாரும் திறக்கவில்லை. சீசனில் கிருஷ்ணகிரி மாம்பழம் பிரிவு பிரிவாக வந்தது. எனக்கு மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

நல்ல பெயர் இருக்கும்போதே கேட்டுவிடலாம் என்று மேனேஜரிடம் போனேன். மனதாரப் பாராட்டினார், கை கொடுத்தார். பிறகு சொன்னார்: "அதான் இப்ப ஒரு பிரச்சனையும் இல்லையே செல்வம், இன்னொரு ஆளு எதுக்கு?"

ஒழுங்காக வேலை செய்தால் கம்பெனிக்கு நிம்மதி, சர்வர் அறைக்காரனுக்குத் தனிமை என்பதைச் சொல்லிப் புலம்பக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லாமல்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.