கடல் இல்லாத ஊரில் படகு மோட்டார்

படகு மோட்டார் என்பது, பட்டறையில் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் நிற்கும்போது மட்டும் தவறாமல் ஓடுகிற இயந்திரம். சொந்தமாகப் படகும் அதன் பின்பலகையில் ஒரு மோட்டாரும் வைத்திருக்கும் அன்பர்கள் இதற்குச் சாட்சி சொல்வீர்கள். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றவர்கள் என்ற வகையில் நாம் எல்லோரும் உறவுக்காரர்கள்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் மேற்குத் தாம்பரத்தில் நான் இந்த மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காத ஆள் கிடையாது. கடல் இல்லை; என் மாமனாரின் காலி ஷெட் இருந்தது. ஆங்கில இலக்கியம் படித்த ஒருவன் கை முழுக்கக் கிரீஸோடு நிற்பதற்கு அது போதுமான காரணம் என்று மாமனார் கருதினார்.

இருவர் தாங்கி வந்த நோயாளி

கோவளம் ஏகாம்பரமும் அவர் மச்சான் கண்ணப்பனும் முதல் தடவை வந்தது ஒரு மத்தியான வேளை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான எதையோ போர்வையில் சுற்றி, இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நடத்திக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து, நோயாளியை முதலில் உட்கார வையுங்கள் என்றாராம். இவர்களும் மறுக்காமல் அதை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, தாங்கள் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள்.

போர்வையை நீக்கினேன். ஏதோ ஒரு கம்பெனி துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் போகிற வழியெல்லாம் உப்பு இறுகி, சூடு தாங்காமல் கடலில் நின்றிருக்கிறது. அவர்கள் குப்பத்துக்கு அதுதான் முதல் மோட்டார். அதனால் அன்று இருவரும் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்த அழகைப் பார்க்கக் குப்பமே திரண்டிருந்ததாம். படகில் ஏகாம்பரத்துக்குப் பாதி, அவர் மனைவியின் தம்பியான கண்ணப்பனுக்குப் பாதி. மோட்டார் ஏகாம்பரத்தின் ஆசை. கண்ணப்பனுக்குப் பாயும் துடுப்பும் போதும். வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: தீபாவளிக்குள் இன்னும் ஒரு தரம் கடலில் நின்றால் மோட்டாரை விற்றுவிடுவது, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது.

ஏகாம்பரம் மோட்டாரின் மேல் கையை வைத்தபடி நின்றார். பேசியது கண்ணப்பன்தான்: "நல்லா பாரு சார். பொழச்சா இட்டுகினு போறோம். இல்லாங்காட்டி இங்கியே வுட்டுட்டுப் போறோம், நீயே எதுனா பண்ணிக்க."

ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர்

நோயாளி பிழைத்தது. மறுபடி வராமல் இருக்க வைத்தியம் எளிது. கடலிலிருந்து வந்ததும் மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் நிறுத்திச் சற்று நேரம் ஓடவிட வேண்டும். உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். இதைத் தாம்பரத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். மோட்டாரைப் பூட்டிக் கொடுக்கக் கோவளத்துக்குப் போன நான், அங்கே ஏகாம்பரத்தின் மனைவி வள்ளியம்மா எதிரில் சொன்னேன்.

நல்ல தண்ணீர்க் கிணறு குப்பத்துக்கு வெளியே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருந்தது. குடம் சுமக்கிறவர் வள்ளியம்மா. உப்பு எப்படிப் படிகிறது, படிந்தால் என்ன ஆகிறது என்று, வகுப்பெடுக்கும் வாய்ப்பை நழுவவிட்ட ஒருவனுக்கே உரிய உற்சாகத்தோடு விளக்கினேன். அவர் மீன் ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "வூட்ல கீற மன்சாளுக்கே தண்ணி பத்தல. இது தெனிக்கும் நல்ல தண்ணில குளிச்சிட்டுதான் படுக்குமா? இன்னா சார், இது மோட்டாரா, இல்ல எம் பொண்ணுக்குப் பாத்துகீற மாப்ளயா?"

வாத்து வேட்டை

கடலுக்குப் போகிறவர்கள் மட்டும்தான் கஷ்டப்பட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் கல்லூரி ஆசிரியர் தேவசகாயம், பள்ளிக்கரணைச் சதுப்பில் வாத்து சுடுவதற்காக ஒரு தட்டைப் படகும் சின்ன மோட்டாரும் வைத்திருந்தார். அப்போதெல்லாம் உரிமம் இருந்தால் சுடலாம். மோட்டாரோடு வந்த கையேட்டை முன்னுரை உட்பட மனப்பாடம் செய்தவர் அவர். அதில் கோரைப்புல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம். சனிக்கிழமை கோரை, தண்ணீருக்குள் சுழலும் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும்; திங்கட்கிழமை மோட்டார் என் ஷெட்டுக்கு வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை, நேரில் வந்து பாருங்கள் என்று என்னையும் அழைத்துப் போனார். மோட்டார் அருமையாக ஓடியது. அது போட்ட சத்தத்தில் பெரும்பாக்கம் வரைக்கும் ஒரு பறவை மிச்சமில்லை. பிறகு வழக்கம்போல் கோரை சுற்றி நின்றது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டேன். சத்தம் அடங்கியதும் வாத்துகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்து, படகைச் சுற்றிலும் இறங்க ஆரம்பித்தன. தேவசகாயம் துப்பாக்கியை மெல்ல எடுத்தபடி என் காதோடு சொன்னார்: "கையை வெளியே எடுங்க தம்பி. இவ்வளவு நாளா இதைப் போய் ரிப்பேர்னு நினைச்சுட்டோம்."

உடைவதற்கென்று ஒரு ஆணி

விசிறியைத் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சிறு பித்தளை ஆணி. விசிறி மணலிலோ கல்லிலோ மோதினால் அந்த ஆணி முதலில் உடைந்து, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைக் காப்பாற்றும். படகில் எப்போதும் மாற்று ஆணி வைத்திருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

ஆடி மாதம் ஏகாம்பரத்தின் படகு முகத்துவாரத்தில் மணல் திட்டு தட்டி, ஆணி உடைந்தது. மோட்டார் உறுமியது, படகு நகரவில்லை. இதைக் கடலில் நின்றதாகக் கொள்வதா கூடாதா என்று இருவரும் என்னிடம் வழக்குக்கு வந்துவிட்டார்கள். மோட்டார் நிற்கவேயில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று ஏகாம்பரம் மன்றாடினார். அப்படியானால் நாங்கள் ஏன் இறங்கித் தள்ளினோம் என்று கண்ணப்பன் கேட்டார். நான் இரு தரப்பையும் பொறுமையாக விசாரித்தேன். முகத்துவாரம் என்பது கடலுமல்ல, உப்பங்கழியுமல்ல, இரண்டும் கூடுமிடம். ஒப்பந்தமோ கடலைப் பற்றியது. ஆகவே வழக்கு தள்ளுபடி. ஒரு நல்ல வாடிக்கையாளரை இழக்க எனக்கு மனமில்லை என்ற காரணத்தைத் தீர்ப்பில் சேர்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணப்பன், கரை சேர்ந்தால் போதும் என்று, படகில் கிடந்த இரும்பு ஆணி ஒன்றை நறுக்கி அடித்திருந்தார். இனி ஆணி உடையாது, அதற்குப் பதில் மோட்டாரே உடையும் என்று சொல்லிப் புதுப் பித்தளை ஆணியைக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "ஒடயட்டும்னே ஒரு சாமான செஞ்சு, அத்த கடையிலயும் வெச்சு விக்கிறான். நம்ம ஊர்க்காரன் இப்டி செஞ்சா வுட்டுருப்போமா சார்?"

விஜயதசமிப் பயணம்

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஒரு நாளும் நிற்கவில்லை. தினமும் பீப்பாய்க் குளியல் நடந்தது. தண்ணீர் சுமக்கிறவர் யார் என்று விசாரித்தேன். கண்ணப்பனாம், போகும்போதும் வரும்போதும் மோட்டாரைத் திட்டிக்கொண்டே சுமக்கிறாராம். ஆயுத பூஜைக்கு மறுநாள், பூஜை போட்டபின் முதல் தடவையாகக் கடலில் இறக்குகிறோம், நீங்களும் வர வேண்டும் என்று ஏகாம்பரம் கூப்பிட்டிருந்தார். போனேன். அலையைத் தாண்டி, கரையில் இருக்கும் தென்னைகள் சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போனதும், மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

ஏகாம்பரத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. கண்ணப்பன் ஒப்பந்தத்தை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஏகாம்பரத்தை ஓரமாக நகர்த்திவிட்டுத் தானே கயிற்றைப் பிடித்து இழுத்தார். கிளம்பவில்லை. பிளக்கைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. டாங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தால் மோட்டார் கிளம்பிவிட்டது. கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி நின்றது. மறுபடி மூடியைத் திறந்தேன், மூடினேன், இழுத்தேன், கிளம்பியது, நின்றது. அப்போதுதான் மூடியைச் சரியாகப் பார்த்தேன். அதன் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும்; போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளையின் மேல் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், இரண்டும் காய்ந்து கெட்டியாகியிருந்தன.

ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன், இன்னொருவர் வைத்த பொட்டைச் சுரண்டுவது எப்படி என்று தயங்கினேன். யார் வைத்தது என்று மட்டும் கேட்டேன். ஏகாம்பரம், "நான் மோட்டாரோட மேல் மூடிலதான் ஒண்ணு வெச்சேன் சார், இங்க வெக்கலியே" என்றார். மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்தோம். கைப்பிடியில் ஒரு பொட்டு, கயிற்றுக் குமிழில் ஒன்று, பிளக்கின் தலையில் ஒன்று. விசிறியைத் தூக்கினால், கடல் கழுவியது போக, ஒவ்வொரு இலையிலும் மஞ்சளாய்த் தடம். கண்ணப்பன் கரையில் இருக்கும் தென்னைகளை எண்ணுகிறவர் மாதிரி நின்றிருந்தார்.

"மச்சான், நீயா?" என்றார் ஏகாம்பரம். கண்ணப்பன் என் பக்கம் குனிந்து, என் கையிலிருந்த மூடியை வாங்கி, தூண்டில் முள்ளால் அந்தத் துளையைத் தானே சுத்தம் செய்து, திருகி மூடி, கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பி, இம்முறை நிற்காமல் ஓடியது. ஏகாம்பரம் விடவில்லை. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "கடல்ல நின்னுச்சு இல்ல? அப்ப விக்கிறதா?" என்றார்.

"அது எங்க நின்னுது? நான்தானே நிறுத்துனேன். போ மாமா, போய் வலயப் பாரு," என்றார் கண்ணப்பன்.

"சரி, நிறுத்துன. பூஜைன்னா ஒரு பொட்டு வெப்பாங்க. இத்தினி எடத்துல எதுக்குடா வெச்ச?"

கண்ணப்பன் கைப்பிடியைத் திருப்பிப் படகை வடக்கே விட்டார். அப்புறம், எங்கள் இருவரையும் பார்க்காமலே சொன்னார்: "நெத்தியிலதான் வெக்கலாம்னு பாத்தேன். அதுக்கு நெத்தி எங்க கீதுன்னு தெரியல."

ஆகவே அன்பர்களே, உப்பு அரித்த மோட்டாரையும் மணல் கடித்த மோட்டாரையும் தாராளமாகக் கொண்டுவாருங்கள், ஆனால் உரிமையாளர் அன்பு வைத்துவிட்ட மோட்டாருக்கு மட்டும் என்னிடம் உதிரிப் பாகம் கிடையாது.