தேவராஜ் பெயரில் வந்த ரத்தம்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றின் முதலுதவி அறையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். வருடாந்திர ரத்தப் பரிசோதனை என்றாலே கிரேன் ஆபரேட்டர்களுக்கு உதறும். ரிப்போர்ட் சரியில்லையென்றால் கிரேனில் ஏறவிட மாட்டார்கள். அதனால் குண்டானவன் டோக்கனில் ஒல்லியானவன் வந்து கையை நீட்டுவது அங்கே வழக்கம். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று நினைத்திருந்தேன். எல்லோரும் முகக்கவசம் போட்ட வருடத்தில் நன்றாகவே தூவினார்கள்.

கிரேன் ஆபரேட்டர் தேவராஜுக்குப் பெரிய உடம்பு. அவன் ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம். கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"கொழுப்பு ரத்தக் குழா சுவருக்குள்ள பூந்து துரு புடிக்குது. அதான் வம்பு."

"கொழுப்புக்குத் துருவா? இன்னா சிஸ்டர், காதுல பூ சுத்துறீங்க."

"கீழ சிக்னல்மேன் கை காட்னாதான நீ லோடு எறக்குவ? குழாயோட உள்பக்கத்து செல்லுதான் சிக்னல்மேன். துரு புடிச்ச கொழுப்பு பட்டா அது பதறிப்போய் வெள்ளணுவ 'இங்க வா'ன்னு கூப்டும். வந்தது கொழுப்பத் தின்னு வீங்கி அங்கியே குந்திக்கும். அப்டியே சேந்து சேந்து குழா அடைக்கும். பீடி குடிச்சா துரு இன்னும் ஜாஸ்தி."

பீடி என்றதும் அவன் சிரிப்பு நின்றது.

"சிஸ்டர், அது என் ரத்தம் இல்ல. சாலமனோடது. ரெண்டு வாரமா நெஞ்சு எரியுதுன்னு சோடா குடிச்சிக்கினு கீறான்."

அது சோடாவில் அடங்குகிற எரிச்சல் இல்லை, இதயக் கோளாறு என்று எனக்குப் பட்டது. சாலமன் அவனுக்குக் கீழே நின்று கை காட்டும் சிக்னல்மேன். குச்சி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பீடி. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அவனுக்குப் பரிசோதனையே கிடையாது.

"இத மேனேஜர்கிட்ட சொல்லணும். உன் வேலைக்கு ஆபத்து."

"சொல்லுங்க சிஸ்டர். மொதல்ல அவன இட்டுக்கினு போங்க."

அன்றே கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டான். தேவராஜை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு அவனுடைய சொந்த ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன். கிரேன் ஏறத் தடையில்லாத அளவில்தான் இருந்தது. வெட்டிக்குப் பயந்திருக்கிறான், தடியன்.

ரத்தம் எடுக்கும் தங்கைகளே, டோக்கனில் இருக்கும் பெயரை நீங்கள் படிக்காதீர்கள். வந்தவரையே சொல்லச் சொல்லுங்கள். முகத்தையும் பாருங்கள்.

மேனேஜரிடம் சண்டை போட்டு அடுத்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்களையும் பட்டியலில் சேர்த்தேன். முதல் ஆளாக வந்த சாலமனின் காதில் பீடி இல்லை. கையை நீட்டிக்கொண்டே கேட்டான்.

"இந்த வாட்டி யார் பேர்ல சிஸ்டர்?"

"உன் பேர்லதான் நைனா."