அவருடைய வலது தோள்

என் கணவர் பலகையில் மல்லாந்து படுத்து எடை தூக்கும்போது தலைமாட்டில் நிற்பது என் வேலை. கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த புதிதிலேயே அது தொடங்கிவிட்டது. எழுபதுகளின் பின்பாதி அது. அவர் லாரி ஓட்டினார். சிமெண்டும் அரிசியும் ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட், சிலிம் ரிவர் என்று ஊர் ஊராகப் போய் வருவார். சாயங்காலம் வந்ததும் ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில், "இந்தா புள்ள, வா" என்று குரல் வரும். அடுப்பைத் தணித்துவிட்டுப் போவேன்.

பலகையை அவரே அடித்திருந்தார். எடையும் சொந்தத் தயாரிப்புதான். ஒரு இரும்புக் குழாயின் இரண்டு முனைகளையும் பிஸ்கட் தகரத்தில் வைத்துச் சிமெண்டு ஊற்றி இறுக விட்டது. அது பத்தாதபோது சிமெண்டை ஒட்டி மணல் பைகளைக் கட்டித் தொங்கவிடுவார்.

அவரும் என்னைப் போல ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வாலிப வயதில் சீருடை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றிருக்கிறார். நெஞ்சளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். ஈர்க்குச்சி என்று ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவரைக் கட்டி வைத்தபோது அந்த ஈர்க்குச்சி போன இடம் தெரியவில்லை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நெஞ்சு. ஆனாலும் அவருக்குப் போதவில்லை.

அந்தப் பயிற்சியைப் 'பென்ச் பிரஸ்' என்பார். முடிவெட்டும் கடையில் கிடந்த ஏதோ ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இரண்டு முழங்கைகளையும் தோளுக்கு நேராகச் சிறகு மாதிரி விரித்து, குழாயைக் கழுத்துக்குக் கீழே காறை எலும்பு வரை இறக்குவார். கட்டைவிரலைக் குழாயைச் சுற்றிப் பிடிக்கவும் மாட்டார். மற்ற விரல்களோடு சேர்த்து அதுவும் அடியில் கிடக்கும்.

"என்னாங்க, கழுத்துமேல வருதே, பயமா இருக்கு."

"இப்படி இறக்குனாத்தான் நெஞ்சு விரியும். நீ சும்மா நில்லு. இந்தான்னு சொன்னா மட்டும் கை வை."

சும்மா நின்றேன். வேறு என்ன செய்வது? அந்த எடையை நான் ஒரு விரற்கடை அசைத்ததில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் தொட்டாலே பலம் வருகிறது என்று அவர் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்க எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வலி எப்போது தொடங்கியது என்று அவர் சொல்லவில்லை. குளிக்கும்போது தலையில் இடது கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்வதைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "ஸ்டேரிங் இழுத்து இழுத்து வந்ததுலா, தைலம் போட்டா போயிரும்" என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். தோளின் முன்பக்கத்தில் ஒரு இடத்தைத் தொட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுநாளும் கொட்டகைக்குப் போனார்.

மழைக்கு முந்தின புழுக்கமான ஒரு சாயங்காலம். மணல் பைகளோடு தூக்கினார். இறக்கும்போது சரியாகத்தான் இறங்கியது. ஏறும்போது பாதியில் நின்றது. வலது கை நடுங்கியது, அப்புறம் மடங்கியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. குழாய் சாய்ந்து அவர் நெஞ்சின் மேல், கழுத்தை ஒட்டி விழுந்தது.

"இந்தா" என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மூச்சில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். சிலிப்பர் வழுக்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் ஊன்றி இழுத்தேன். குழாய் அசையவில்லை. அவர் கண் என்னையே பார்த்தது. "அண்ணே! அண்ணே!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன். அங்கே இருந்தவர் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். கையில் கிரீஸோடு வேலியைத் தாண்டி ஓடிவந்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எப்படித் தூக்கினோம் என்று தெரியாது. குழாய் தரையில் விழுந்து ஒரு முனையில் சிமெண்டு பிளந்தது.

நெஞ்செலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். தோளில் தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அறுவை வேண்டாம், பயிற்சி செய்தால் சேரலாம். பயிற்சி கொடுத்தது ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். மலாயில் பேசினாள். அவள் சொல்வதை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, "நீங்கள் கேளுங்கள்" என்று சொல்லி, என் தோளிலேயே விரலை வைத்துக் காட்டினாள்.

தோளின் உச்சியில் எலும்பு ஒரு கூரை மாதிரி இருக்கிறது. அதற்கு அடியில் கயிறு மாதிரி தசைநார் ஓடுகிறது. முழங்கையைச் சிறகாக விரித்துப் பாரம் தூக்கினால் அந்தக் கயிறு கூரையில் நசுங்கும், தினமும் நசுங்கினால் நைந்துபோகும். முழங்கையை விலாவை நோக்கிப் பாதியாவது கொண்டுவர வேண்டும். படுத்ததும் முதுகில் இருக்கிற இரண்டு சப்பை எலும்புகளையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பலகையில் பதிக்க வேண்டும். குழாய் கழுத்துக்கு வரக்கூடாது, மார்பின் கீழ்ப்பகுதிக்கு வர வேண்டும். கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க வேண்டும், பாதம் தரையில் அழுந்த வேண்டும். நெஞ்சுக்குச் செய்கிற அளவு முதுகுக்கும் செய்ய வேண்டும். தள்ளுகிறவன் இழுக்கவும் வேண்டும் என்றாள். "சக்கிட் வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்." வலி வந்தால்.

எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குழாயின் அடியில் கிடந்த நேரம் அவரையும் ஏதோ செய்திருந்தது. குழாய்க்குப் பதில் துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு படுத்தார். "முழங்கை அகலுது" என்பேன். உள்ளே கொண்டுவருவார். "முதுகை நெருக்குங்க" என்பேன். நெருக்குவார். சில மாதத்தில் இடது கைக்கு மாற்றாமல் வலது கையாலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அழுகை வந்தது.

அவ்வளவு நாள் தவுக்கே, அதுதான் லாரி முதலாளி, சும்மா இருப்பாரா? ஸ்டேரிங்கில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். இவரைக் கெலிண்டானாகத்தான் எடுத்துக்கொண்டார், லாரியோடு கூடப் போய் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை.

"முடியாதுன்னு சொல்லுங்களேன்."

"சொல்லிட்டு? வீட்டுல ரெண்டு பேரும் துடைப்பக் கட்டைய தூக்கிக்கிட்டு இருக்கலாமா?"

நானே அவரையும் கூட்டிக்கொண்டு தவுக்கேயைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொல்லி, தோளைத் தொட்டுக் காட்டினேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே என் பின்னால் நின்றிருந்த என் கணவரின் நெஞ்சைப் பார்த்தார். "பாடான் பெசார்லா" என்று சிரித்தார். இவ்வளவு பெரிய உடம்புலா. மறுநாளே இவர் மூட்டை ஏற்றப் போனார்.

பலகையில் படுத்தால் முழங்கையைப் பார்த்துச் சொல்ல நான் இருந்தேன். லாரி மேலிருந்து ஒருவன் சிமெண்டு மூட்டையைத் தள்ளும்போது கீழே இருப்பவன் எந்தக் கோணத்தில் கையைத் தூக்க முடியும்? வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்துக்குள், சுங்கை சிப்புட்டில் ஒரு கடை வாசலில், தலைக்கு மேலே வந்த மூட்டையைத் தாங்கப் போய் மிச்சமிருந்த தசைநாரும் அறுந்துவிட்டது. இந்தத் தடவை அறுவை செய்தார்கள். கை மார்பு உயரத்துக்கு மேலே போவதில்லை என்று ஆகிவிட்டது.

நான் தையல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அவர் வீட்டில் சமைத்தார். இடது கையால் தேங்காய் துருவப் பழகினார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாமல் போனது அந்த நெஞ்சுதான். எடை தூக்குவதை விட்டும் பல வருடம் அது கரையவில்லை. சட்டைக்கு மேலே தெரிகிற உடம்பைப் பார்த்துச் சனங்கள், "நல்லாத்தானே இருக்காரு, பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்துகிட்டாரு" என்றார்கள். ஒவ்வொருவரிடமும் போய்த் தோளின் உள்ளே இருப்பதைத் திறந்து காட்ட முடியுமா?

எண்பதுகளின் நடுவில் சுங்கை சிப்புட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சோற்று அண்டாவை மேடை மேலே ஏற்ற ஆள் தேடிய ஒருவர் இவரைப் பார்த்ததும், "அண்ணே, உங்க உடம்புக்கு இது ஒரு பாரமா? வாங்க" என்று கூப்பிட்டார். சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். வலது கை அண்டாவின் காதைப் பிடித்தபோது அவர் நெற்றியில் வேர்த்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய் அவர் கையை விலக்கிவிட்டு அந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் சிரித்தாள். கூப்பிட்டவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபக்கத்தைத் தூக்கினார்.

திரும்பி வரும்போது பஸ் செம்மோரைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே நாலு பேரு முன்னால அப்படி ஓடி வராத புள்ள."

"தூக்கியிருந்தா என்னா ஆயிருக்கும் தெரியுமா?"

"தெரியும்லா."

அவருடைய வலது கை மடியில் கிடந்தது. அதை எடுத்துப் பிடித்துக்கொள்ளலாமா, கூடாதா என்று தெரியாமல் ஈப்போ வரை உட்கார்ந்திருந்தேன்.