மோராவின் லாடம்

அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. இது நடந்தது.

1914 ஆகஸ்ட். ஜெர்மானியர்கள் பெல்ஜியத்துக்குள் நுழைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஓட்ஸ் வயலின் இந்தக் கரையில் எங்கள் குதிரைப்படை. எதிர்க்கரைக்கு அவர்கள் வருவார்கள். குதிரையில் பாய்வதா, இறங்கி வேலியோரம் துப்பாக்கியோடு படுப்பதா? மேஜர் டெ ராக் இன்னும் முடிவு சொல்லவில்லை.

“இறங்கச் சொன்னா இந்த ஈட்டிய வச்சு என்ன பண்றது? உருளைக்கிழங்கு தோண்டவா?” என்றான் எக்காளம் ஊதும் லோடே.

“நீ மொதல்ல ஒழுங்கா ஊதுடா,” என்றேன்.

லோடேவுக்கு முன்பல் இல்லை. ஊதினால் மூன்றாவது சுரம் வெறும் காற்றாகப் போகும்.

விடிகாலை நாலே முக்கால். மூடுபனி. என் குதிரை மோராவின் கடிவாளம் என் கையில். மேஜர் அருகில் வந்து வயலைப் பார்த்தார்.

“பாஞ்சிடலாம்னுதான் தோணுது, யோஸ்.”

அப்போது கேட்டது.

எக்காளம். வயலுக்குள்ளிருந்து. மூன்றாவது சுரம்... காற்று.

திரும்பினேன். லோடே என் பின்னால் நின்றான். எக்காளம் அவன் முதுகில் தொங்கியது.

பிறகு குளம்புச் சத்தம். நூறு... இருநூறு. எதிர்க்கரையை நோக்கி. ஒரு கதிர்கூட அசையவில்லை.

நடு வயலில் கம்பி அறுபடும் சத்தம். குதிரைகள் அலறின.

“மோரா... எந்திரிடி... மோரா...”

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

மேஜர் என்னையே பார்த்தார்.

“எல்லாரும் இறங்குங்க,” என்றார்.

அன்று பாய்ந்தவர்கள் ஜெர்மானியர்கள். திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். நடு வயலில் ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஓரம் முள்கம்பி. கதிர் மறைத்திருந்ததால் எங்களுக்கும் அதுவரை தெரியாது. அதில் விழுந்தவர்கள் எழவில்லை. லோடே பிழைத்தான். சாயங்காலம் ஈட்டியால் உருளைக்கிழங்கு தோண்டினான்.

மறுநாள் பள்ளத்திலிருந்து செத்த குதிரைகளை இழுத்தார்கள். எங்கள் லாடக்காரர் ஒரு லாடத்தோடு வந்தார்.

“எல்லாத்துக்கும் அடியில கெடந்துச்சு. மோராவோடதுதான், யோஸ். கோணக் குளம்புக்குன்னு முந்தாநாள் நானே வளைச்சது.”

எங்களில் ஒருவரும் அந்தப் பள்ளத்தை மிதிக்கவில்லை.

பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த மோராவின் பின்னங்காலைத் தூக்கினேன். குளம்பில் லாடம் இருந்தது. அதே கோணல். அதே ஆணி.

லாடக்காரர் கையிலிருந்ததைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

“நான் ஒண்ணுதானே அடிச்சேன்.”